சாய நாள் தண்ணீர்

காலை ஐந்தரை மணி ஆனால் என்னால் உட்கார முடிவதில்லை. வேலையிலிருந்து நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. மகள் வீட்டில் இருக்கிறேன். காபியைக் கையில் கொடுத்துவிடுகிறாள், செய்ய ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த நேரத்துக்கு வாசலுக்குப் போகிறேன், உள்ளே வருகிறேன், மறுபடி போகிறேன். குழாயில் காற்று சீறி, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்குகிறது. "இன்னாம்மா, ட்யூட்டிக்கு லேட்டாயிடுச்சா?" என்று மகள் கேலி செய்வாள்.

நான் வேலை பார்த்த நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் இப்போது மெஷின் வைத்திருக்கிறார்கள். மருந்துத் தண்ணீரை அதுவே சொட்டுச் சொட்டாக விடுகிறது. என் இடத்துக்கு வந்த ரேவதி போன வாரம் வீட்டுக்கு வந்தாள்.

"புதுசா சேந்தவங்களுக்குப் பயிற்சி நடக்கப் போவுதுங்கம்மா. மெஷின் இல்லாதப்ப பவுடர் எப்படிப் போட்டீங்க, அந்தக் காமாலை வந்தப்ப இன்னா நடந்துது, ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. வந்து பேசச் சொன்னா நீங்க ஓடிடுவீங்கன்னு தெரியும்."

உண்மைதான். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பும் ஐந்தாவது வரைக்கும்தான். எழுதும்போது எதிரே முகம் இல்லை, அது ஒரு சௌகரியம். ஆனால் நாலு நாளாக எழுதுகிறேன், எழுந்து எழுந்து போகிறேன். எங்கே வந்து நிற்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கை ஓடவில்லை.

நான் பிறந்தது சேத்துப்பட்டுப் பக்கம். நிலம் இல்லாத வீடு. ஆரணியில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் பவர்லூமில் வேலை செய்தார், நெஞ்சு வலியில் சீக்கிரம் போய்விட்டார். தெரு பெருக்கத் தினக்கூலிக்குப் போனேன். மூன்று வருஷம் பெருக்கினேன். அப்புறம் ஒரு நாள் சுகாதார ஆய்வாளர் ஜெயபால் சார் கூப்பிட்டு, "உங்களுக்குக் கணக்கா அளக்க வருமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். மறுநாளிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் வேலை.

ஜெயபால் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினக்கூலிப் பெண்களையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் வீட்டிலும் உட்கார மாட்டார். பழைய பஸ் டிக்கெட்டை மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் சொருகி வைத்திருப்பார், எதைக் கேட்டாலும் அதில் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். "அப்புறம்?" என்பார், அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார். அவர் திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். அந்தச் சும்மா நிற்பதைத் தாங்க முடியாமல் எல்லோரும் வாயைத் திறந்துவிடுவார்கள்.

பவுடர் போடுவதை அவர்தான் கூட நின்று கற்றுக்கொடுத்தார். தொட்டியின் கொள்ளளவுக்குத் தகுந்தாற்போல் அளவு. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மாவு கரைப்பதுபோல் கட்டியில்லாமல் குழைக்க வேண்டும். முக்கால் வாளிக்குத் தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்க வேண்டும். பிறகு கை வைக்காமல் கால் மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு கீழே தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்து, அதைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறித் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணி நேரமாவது ஆன பிறகுதான் தெருவுக்குத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்து வேலை செய்யாது.

பவுடர் மூட்டையைப் பிரித்தால் வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும். கரைத்த தண்ணீரும் அப்படித்தான், திறந்து வைத்தால் ஒரு நாளில் வாடை போய்விடும் என்று அன்றைக்கே சார் சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விட்ட பிறகு சோதனை. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு வந்தால் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். "கடைசி வீட்டுல பாத்தீங்களா?" என்பார். குழாய் முடிகிற வீட்டில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, சோதனை மருந்து நாலைந்து சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். மஞ்சள் வந்தால் பவுடர் மருந்து அதுவரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் வழியில் எங்கோ அழுக்கு அதைத் தின்றுவிட்டது, அல்லது போடவே இல்லை. பார்த்துவிட்டு நோட்டில் தேதி எழுதி 'போட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் வேலை வாழ்க்கையில் நான் அதிகமாக எழுதிய சொல் அதுதான்.

என் பொறுப்பில் இருந்தது ஒரு சின்னத் தொட்டி. அதிலிருந்து மூன்று தெருவுக்குத் தண்ணீர் போகும். மூன்றிலும் பட்டு நெசவுக் குடும்பங்கள். நான் குப்பியோடு போனால், "மூக்கப் பொத்திக்கோங்கடி, பவுடரம்மா வந்துட்டாங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள். "ரசம் வச்சா ரசத்துல உன் பவுடர் வாசனதான் வருது." நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். சில வீட்டில் குழாயடியோடு நிறுத்திவிடுவார்கள், உள்ளே வா என்று சொல்ல மாட்டார்கள். எனக்கும் அது பழக்கம்தான்.

நடுத்தெருவில் சம்பந்தம் என்பவர் சாயப்பட்டறை வைத்திருந்தார். பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுத்து, அண்டாவில் சாயம் ஏற்றி, அலசிக் காயப்போடுவார். செவ்வாயும் சனியும் சாய நாள். அவர் மட்டும் என்னைப் பார்த்தால், "வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க" என்பார். அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே டீ கொடுப்பார். முதல் தடவை அந்த டம்ளரைக் கையில் வாங்கியபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இதெல்லாம் பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால். ஒரு நாள் டீ குடித்து முடித்ததும் சம்பந்தம் மாம்பழ மஞ்சள் நூல் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். அங்கங்கே திட்டுத் திட்டாக வெளிறி இருந்தது.

"உங்க பவுடர் பண்ண வேலம்மா இது. சாயம் ஒட்டவே மாட்டேங்குது."

நான் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"உங்க பொடவையவே பாருங்க. நல்ல பச்சை. பொரிப் பொரியா எப்படி வெளுத்துக் கெடக்குது. உங்க பொடவைக்கு ஆனது என் நூலுக்கும் ஆவுமா ஆவாதா?"

குனிந்து பார்த்தேன். முந்தானை முழுக்க வெள்ளைப் பொட்டு. நான் இத்தனை நாள் கவனித்தும் கவனிக்காமல் இருந்தது.

"தெனமும் வேணாம்னு நான் சொல்லல. செவ்வா, சனி ரெண்டு நாளு மட்டும் போடாம உடுங்க. மீதி அஞ்சு நாளு போடுங்க. யாருக்கு இன்னா ஆயிடப் போவுது?"

ஒரு நாள் முன்னாடியே பட்டறைத் தொட்டியில் பிடித்துத் திறந்து வையுங்கள், வாடை போய்விடும், அதில் சாயம் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சார் சொல்லிக் கொடுத்த விஷயம்தான், எனக்குத் தெரியும். வாய்க்கு வரவில்லை. என்னை உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்த மனுஷனிடம் ஒரு கூலிக்காரி வழி சொல்வதா என்று இருந்தது. தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பவுடரைக் கரைக்கவில்லை. வாளியைத் தொடாமல் தொட்டி அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வேலை செய்கிற நேரத்தைக் கழிப்பதற்காக. நோட்டில் 'போட்டது' என்று எழுதினேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். சனிக்கிழமை சுற்றிப் பார்க்கவில்லை.

இதில் இன்னொன்றும் நடந்தது. தெருப் பெண்களுக்கு அந்த இரண்டு நாள் தண்ணீர் பிடித்துப்போனது. "இன்னிக்குத் தண்ணி ஜோரா இருக்குது, பவுடரம்மா. வாடையே இல்ல" என்றார்கள். என் வேலையை யாரும் அதுவரை நல்லது என்று சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஆறு வாரம் இப்படிப் போனது.

முதலில் ஒரு தறிக்காரருக்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள். அப்புறம் அதே வரிசையில் இரண்டு வீடு. அப்புறம் ஏழெட்டு வீடு. காமாலை என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்து நான் சாய நாளிலும் பவுடர் போட ஆரம்பித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தம் வாசலைத் தாண்டும்போது வேகமாக நடந்தேன்.

ஜெயபால் சார் வந்தார். கடைசி வீடு வரைக்கும் போய் அவர் கையாலேயே சோதித்தார். நல்ல மஞ்சள். என் நோட்டை வாங்கி, இரண்டு மாசத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லா நாளும் 'போட்டது'. "தண்ணி சரியாத்தான் இருக்குது" என்று பஸ் டிக்கெட்டில் எழுதிக்கொண்டார். காரணம் தண்ணீர் இல்லையென்றால் சாப்பாடுதான். தெருமுனையில் கன்னியம்மா என்று ஒருத்தி வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் வண்டியை நகராட்சி ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கன்னியம்மா ரோட்டில் நின்று, "என் வடையத் தின்னு நானே நல்லாத்தான இருக்கறேன், எனக்கு ஏன் வரல காமால?" என்று கேட்டாள். நான் எதிர்ப்பக்கம் குப்பியைக் கழுவுவதுபோல் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காமாலையில் பல வகை உண்டாம், இது 'ஈ' வகை. நகராட்சி டாக்டரம்மா எங்களையெல்லாம் நிற்க வைத்து விளக்கினார். மலம் கலந்த தண்ணீர் வழியாகத்தான் பெரும்பாலும் பரவும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். இன்றைக்குக் கண் மஞ்சளானால் கிருமி உள்ளே போய் ஒரு மாசம்கூட ஆகியிருக்கும், அதனால் இன்றைய தண்ணீரைச் சோதித்து ஒன்றும் சொல்ல முடியாது. கடைசியாக அவர் சொன்னதுதான் என் காதில் இன்னும் கேட்கிறது.

"மாசமா இருக்கறவங்களுக்கு, அதுவும் ஆறு மாசத்துக்கு மேல ஆனவங்களுக்கு, இது உயிரையே எடுத்துடும். மத்த வீட்ட அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவங்களத் தேடுங்க. ஜல்தியாப் போங்க."

வீடு வீடாகப் போனோம். காமாலை வந்த வரிசையில் ஒரே ஒரு கர்ப்பிணி இருந்தாள். குழாய் முடிகிற கடைசி வீட்டில், நான் தினமும் குப்பி பிடிக்கிற வீட்டில். பெயர் மகேஸ்வரி. இருபத்திரண்டு வயசு இருக்கும். வீட்டுக்காரன் தறியில், இவள் நூல் சுற்றித் தருவாள். ஏழு மாசம்.

நானும் சாரும் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மஞ்சள். மாமியார் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"போளூர்ப் பக்கம் கூட்டிகினு போயி நாட்டு மருந்து குடுத்தாச்சி. உப்பு இல்லாத பத்தியம் இருக்கறா. சரியாயிடும், நீங்க போங்க."

"ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கம்மா" என்றார் சார்.

"காமாலைக்கு ஆஸ்பத்திரில மருந்து இல்லன்னு டாக்டரே சொல்றாங்களாமே. அப்புறம் அங்க போயி எதுக்குப் படுக்கணும்?"

"மருந்து இல்லதாங்க. அதனாலதான் பக்கத்துலயே இருந்து பாத்துகினே இருக்கணும். பிள்ளத்தாச்சி. தூக்கம் அதிகமாவுதா, பேச்சு கொழறுதான்னு நிமிஷத்துக்கு நிமிஷம் பாக்கணும். உங்களால முடியுமா?"

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். சார் மகேஸ்வரி பக்கம் திரும்பினார். "தண்ணி எப்படிம்மா குடிப்ப? காய்ச்சியா?"

"இல்லீங்க சார். எனக்கு இந்தப் பவுடர் வாடை பட்டாலே கொமட்டும். வயித்துல நிக்காது. அதனால சாய நாளு தண்ணியத் தனியா ரெண்டு கொடத்துல புடிச்சி வச்சிகினு, வாரம் பூரா அதத்தான் குடிப்பேன்."

"சாய நாளுன்னா?"

"செவ்வாயும் சனியும். அன்னிக்கித் தண்ணில வாடையே இருக்காதுங்க. எளநி மாதிரி இருக்கும்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பவுடரம்மாவுக்கே தெரியுமே."

சார் கடிகாரப் பட்டையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். "இப்பவும் அப்படித்தான் இருக்குதா?"

"இப்பக் கொஞ்ச நாளா அன்னிக்கும் வாடை வருதுங்க. அதான் தண்ணியே எறங்க மாட்டேங்குது."

அவர் எழுதினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமியாரைச் சமாதானம் செய்து, மதியமே பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம். ஆட்டோ போன பிறகு தெருமுனையில், கன்னியம்மாவின் வண்டி முன்பு நின்ற இடத்தில், சார் வண்டியை ஸ்டாண்டு போட்டு நின்றார். என் பையில் நோட்டு இருந்தது.

"அப்புறம்?" என்றார்.

நான் நின்றேன். அவரும் நின்றார். எங்கள் வேலையில் தினக்கூலியாக இருந்தவர்களை நிரந்தரம் செய்யப் பெயர் எழுதி அனுப்பியிருந்தார்கள், என் பெயர் மூன்றாவது. மகளுக்குப் பன்னிரண்டு வயசு. இதெல்லாம் ஓடியது. தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வா, சனி நான் போடல சார்" என்றேன். "சாயம் புடிக்கலன்னு சொன்னாங்க. ஆறு வாரம் போடல. போட்டதுன்னு எழுதினேன்."

சொல்லி முடித்ததும் அடி விழப்போகிறதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. டிக்கெட்டைக் கடிகாரப் பட்டையில் சொருகிவிட்டு, "அந்த ரெண்டு நாள்ல சாயப்பட்டறையில மோட்டார் போடுவாங்களா? குழாயோட சேத்து?" என்று கேட்டார்.

"போடுவாங்க சார். அன்னிக்கி நெறையத் தண்ணி வேணும்."

"பவுடர் போடாததால மட்டும் காமாலை வராதுங்க. மலம் எங்கனா உள்ள வரணும். மோட்டார் இழுத்தா குழாய்ல ஓட்டை இருக்கற எடத்துல வெளிய இருக்கறது உள்ள வரும். வாங்க." வண்டியை உதைத்தவர் நிறுத்தினார். "மொதல்ல கன்னியம்மா வண்டியத் திருப்பிக் குடுக்கச் சொல்லணும்."

அன்றைக்கே தண்ணீரை நிறுத்தி, லாரியில் வேறு தண்ணீர் கொடுத்தார்கள். பட்டறைக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவில், குழாய் சாக்கடைக்கு அடியில் போகிற இடத்தைத் தோண்டினார்கள். இணைப்பு ஒன்று விரல் போகிற அளவுக்கு விட்டிருந்தது. அதன் மேலேயே கருப்பாகச் சேறு. பக்கத்து வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும் அந்தச் சாக்கடையில்தான் விழுந்துகொண்டிருந்தது. மற்ற நாளில் மோட்டார் இழுப்பு இல்லை, மருந்தும் இருந்தது. சாய நாளில் இழுப்பு இருந்தது, மருந்து இல்லை. குழியின் ஓரத்தில் நின்று அதை நான் பார்த்தேன். மகேஸ்வரி அந்த நாள் தண்ணீரைத் தேடிப் பிடித்துச் சேமித்துக் குடித்திருக்கிறாள்.

சம்பந்தமும் வந்து பார்த்தார். "நான் நூலத்தாம்மா நெனச்சேன்" என்றார். மோட்டாரை அவரே கழற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். தண்ணீரை ஒரு நாள் பிடித்துத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் சாயம் போடச் சார் சொன்னார். போட்டுப் பார்த்தார், நன்றாகவே பிடித்தது. அவ்வளவு சின்ன விஷயம். அந்த மாம்பழ மஞ்சளைப் பார்த்தபோது எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம்போல் இருந்தது.

நான் ஒப்புக்கொண்ட அன்று மாலையே ஆபீசில் சார் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். பன்னிரண்டு தேதி. ஒவ்வொன்றிலும் 'போட்டது' என்பதை அடித்துவிட்டு 'போடவில்லை' என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். நாலு எழுத்து எழுதிய இடத்தில் ஐந்து எழுத்து, கட்டத்தில் இடம் போதவில்லை. நிரந்தரம் செய்கிற பட்டியலிலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டது. மறுபடி சேர்க்க ஐந்து வருஷம் ஆனது. வேலையை விட்டு அனுப்பாததற்குக் காரணம் சார்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். "இனிமே இவங்க ஒரு நாளும் போடாம இருக்கமாட்டாங்க" என்று எழுதிக் கொடுத்தாராம்.

மகேஸ்வரியை இரண்டாம் நாளே வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். நான்காம் நாள் பிரசவ வலி வந்து குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை. அவள் பிழைத்தாள். இப்படி வந்த கர்ப்பிணிகளில் இவள் பிழைத்ததே பெரிய விஷயம் என்று டாக்டரம்மா சொன்னார்.

ஒன்றரை மாசம் கழித்து வீட்டுக்கு வந்தாள். மறுபடி நான் தினமும் அந்த வீட்டுக் குழாயில் குப்பி பிடிக்க வேண்டும். தெருவில் இதைப் பற்றிப் பேச்சு, பாதி சரி, பாதி தப்பு. குழாய் உடைந்துதான் வந்தது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் செய்தது அவள் காதுக்குப் போகவில்லை. "பவுடரம்மா, நல்லா இருக்கறீங்களா?" என்று அவளே கேட்டாள். ஒரு வாரம் அதற்குத் தலையாட்டினேன். சாரிடம் சொல்லியாகிவிட்டது, நோட்டில் எழுதியாகிவிட்டது, இன்னும் யாரிடம் சொல்ல என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. எட்டாவது நாள் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவள் காலைப் பார்த்துக்கொண்டே முழுசையும் சொன்னேன். டீ குடித்தது வரைக்கும் சொன்னேன்.

அவள் கையில் நூல் இருந்தது. சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"தண்ணி நல்லா இருக்குதுன்னு நான் உங்களாண்டயே சொன்னேனே" என்றாள். "அன்னிக்கி நீங்க சிரிச்சீங்க."

"ஆமா."

"இப்பப் போடறியா?"

'நீங்க' போய்விட்டது. அதுதான் சரி.

"போடறேன்."

"தெனமும்?"

"தெனமும்."

"சரி, போ" என்றாள்.

அதற்கப்புறம் பதினான்கு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் தண்ணீர் வரும்போது, நான் குப்பியோடு நிற்கும்போது, முதல் டம்ளரைப் பிடித்து என் எதிரிலேயே மூக்குக்குக் கொண்டுபோவாள். பவுடர் வாடை பட்டால் குமட்டுகிற பெண், நன்றாக இழுத்து மோந்து பார்ப்பாள். வாடை இருந்தால்தான் குடத்தை வைப்பாள். பிறகும் காய்ச்சித்தான் குடிப்பாள். அப்புறம் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. அந்தப் பெண் நடக்க ஆரம்பித்த பிறகும் இது நிற்கவில்லை. என் மஞ்சளை அவள் நம்பவில்லை, நோட்டை நம்பவில்லை. காய்ச்சல் அடித்த நாளில்கூட நான் ஏணி ஏறியதற்கு அந்த டம்ளர்தான் காரணம். சார் அல்ல, சம்பளம் அல்ல.

என் கடைசி வேலை நாளில் சோதனை முடித்து, மஞ்சளைப் பார்த்து, குப்பியைக் கழுவினேன். மகேஸ்வரி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாளைலேர்ந்து யாரு போடறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரேவதின்னு ஒரு பொண்ணு" என்றேன். "நல்ல பொண்ணு. எல்லாம் கத்துக் குடுத்திருக்கறேன்."

"இன்னா கத்துக் குடுத்த?"

"அளவு, கரைக்கிறது, சோதிக்கிறது."

"நீ போடாம உட்டத சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள், குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"அதச் சொல்லு மொதல்ல" என்றாள்.